மலை எந்தப் பக்கம் இறங்குகிறது?

(வத்தலக்குண்டில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கொடைக்கானல்காரர்கள் எந்தக் கட்சி?" என்று ஒரு கேள்வியைப் போட்டு, அதையே தலைப்பாக வைத்துப் பேசச் சொன்னார்கள். கேள்வி சின்னது. ஆனால் பதிலைத் தேடிப் போனால் முதல் படியிலேயே கால் இடறுகிறது. தேர்தல் முடிந்து வாக்கு எண்ணும் நாளில் கொடைக்கானலின் முடிவு என்று எந்தத் தொலைக்காட்சியும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் கொடைக்கானல் என்ற பெயரில் ஒன்று கிடையாது. நீலகிரிக்கு உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்று தொகுதி இருக்கிறது. ஏற்காட்டுக்கு ஒன்று, வால்பாறைக்கு ஒன்று. அந்தத் தொகுதிகளிலும் அடிவார ஓட்டு நிறையக் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பெயராவது மலையின் பெயர். நம் மலைக்கு அதுவும் இல்லை. கொடைக்கானல் வட்டம் முழுவதும் பழனித் தொகுதிக்குள் அடங்குகிறது. பழனி மலைத்தொடரின் மற்ற பகுதிகளோ வேறு தொகுதிகளில் கிடக்கின்றன. வடகாடு ஒட்டன்சத்திரத்தில், ஆடலூரும் பன்றிமலையும் ஆத்தூரில்.

ஆகவே முதலில் பழனித் தொகுதியின் கதையைச் சொல்லிவிட்டு மலையேறுகிறேன். அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு.

1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக ஆட்சிக்கு வந்தார். அவரோடு கூட்டணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியின் என். பழனிவேல் பழனியில் ஜெயித்தார். 1980-லும் எம்.ஜி.ஆர்., பழனியில் மறுபடியும் பழனிவேல். 1984-ல் அதிமுகவும் காங்கிரசும் சேர்ந்து நின்றன. பழனியில் காங்கிரசின் ஏ.எஸ். பொன்னம்மாள் வந்தார். 1989-ல் கலைஞர் பதின்மூன்று வருடம் கழித்துக் கோட்டைக்குத் திரும்பினார். மார்க்சிஸ்ட் கட்சி அந்த முறை திமுக பக்கம். பழனிவேல் மூன்றாவது முறையாக உறுப்பினர். அதற்குப் பிறகு 1991-ல் அதிமுக, 1996-ல் திமுக, 2001-ல் அதிமுக, 2006-ல் திமுக, 2011-ல் அதிமுக. சென்னையில் யாரோ அவரே பழனியில். ஒன்பது பொதுத்தேர்தல் வரிசையாக ஆளும் அணியோடு நின்ற தொகுதி இது. இடையில் தொகுதி எல்லை மாறியது. 2006 தேர்தல்வரை தனித்தொகுதியாக இருந்தது, 2008 மறுவரையறையில் பொதுத்தொகுதி ஆனது. வேட்பாளர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின. இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதைக் கேட்டதும் "பழனி யார் பக்கமோ அவருக்கே முருகன் அருள்" என்று ஒருவர் சொல்லிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். 1991-ல் அதிமுக–காங்கிரஸ் அணி ஏறக்குறைய எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போனது. 1996-ல் அதே அதிமுக நான்கே இடத்துக்குச் சுருங்கியது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அப்படிப்பட்ட அலையில் எந்தத் தொகுதிதான் எதிர்த்து நிற்கும்? ஆகவே அந்த வருடங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 2006-ஐத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தேர்தலில் யாருக்கும் தனிப்பெரும்பான்மை வரவில்லை, திமுகவுக்கே 96 இடம்தான். அப்படி இழுபறியான நேரத்திலும் பழனி சரியான பக்கம் போய் நின்றது என்றால், அதில் ஏதோ இருக்கிறது.

அந்த வரிசை 2016-ல் அறுந்தது. ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தார். பழனியோ திமுகவின் இ.பெ. செந்தில்குமாரைச் சுமார் இருபத்தைந்தாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் அனுப்பியது. 2021-லும் அவரே, வித்தியாசம் முப்பதாயிரம் அளவில். காரணம் கேட்டால் இந்த அரங்கில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வீர்கள். செந்தில்குமாரின் தந்தை இ. பெரியசாமி ஆத்தூரில் 1989-ல் தொடங்கி 2021 வரை, இடையில் இரண்டு முறை தோற்று, மற்ற எல்லா முறையும் வென்றவர். பக்கத்தில் ஒட்டன்சத்திரத்தில் அர. சக்கரபாணி 1996 முதல் 2021 வரை ஆறு தேர்தலிலும் தோற்காதவர். 2011-ல் திமுக மாநிலம் முழுவதும் 23 இடத்தோடு முடங்கியபோது அந்த 23-ல் ஆத்தூரும் ஒட்டன்சத்திரமும் இருந்தன. மலையைச் சுற்றியுள்ள அடிவாரத்தில் கட்சி வலுவா, ஆள் வலுவா என்று கேட்டால் நான் ஆள் வலு என்றுதான் சொல்வேன்.

எண்களை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கும் நம் மாவட்டமே நல்ல பாடம். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் திண்டுக்கல்லில் திமுகவின் ப. வேலுச்சாமி 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழ்நாட்டிலேயே அந்தத் தேர்தலில் அதுதான் பெரிய வித்தியாசம். "திண்டுக்கல் திமுக கோட்டை" என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டே வருடத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கிய ஆறு இடங்களில் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர் மூன்றும் திமுகவுக்கு. திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை மூன்றும் அதிமுகவுக்கு. மூன்றுக்கு மூன்று! ஐந்தரை லட்சம் எங்கே போயிற்று?

விஷயம் இதுதான்: 2019-ல் அதிமுக இந்த இடத்தைப் பாமகவுக்குக் கொடுத்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் மாம்பழம் இருந்தது, இரட்டை இலை இல்லை. இலைக்கே போட்டுப் பழகிய கை மாம்பழத்துக்குப் போகவில்லை. 2021-ல் ஆத்தூரையும் பாமகவுக்கே விட்டார்கள். பெரியசாமி 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், அதுவும் அந்த ஆண்டின் மாநில உச்சம். இலை நேரில் நின்ற பழனியில் வித்தியாசம் முப்பதாயிரத்தோடு நின்றது. இத்தனைக்கும் இரட்டை இலை பிறந்த மண் திண்டுக்கல். கட்சி தொடங்கி ஆறேழு மாதத்தில், 1973 மே மாத இடைத்தேர்தலில், மாயத்தேவர் அந்தச் சின்னத்தில் நின்று ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆரின் கட்சி ஒரு கட்சியாக நிமிர்ந்தது. 2024-லும் அதிமுக இந்த இடத்தைத் தோழமைக் கட்சியான எஸ்டிபிஐக்கு ஒதுக்கியது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம் 4,43,821 வித்தியாசத்தில் வென்றார். வெற்றி வித்தியாசத்தை வைத்து ஒரு ஊரின் மனச்சாய்வை அளப்பவர்கள் எதிரே யார் நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது மலைக்குப் போவோம்.

மலையில் ஓட்டு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஆவணம் படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை விழுந்தது என்று தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் பட்டியல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழனித் தொகுதியில் முந்நூற்றுக்கு மேற்பட்ட சாவடிகள். அந்த நீண்ட பட்டியலில் பழனி நகரமும் ஆயக்குடி பக்கமும் ஒரு பகுதி. மலைச் சாவடிகள் ஒரு பகுதி. வாக்காளர் எண்ணிக்கையில் மலை மூன்றில் ஒரு பங்கு அளவில் வரும். அதாவது மலை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அடிவாரம் மறுபக்கம் கொஞ்சம் அழுத்தினால் போதும், கணக்கு முடிந்தது. வேட்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெரிய தலைவர்களின் பொதுக்கூட்டம் பெரும்பாலும் பழனியிலோ திண்டுக்கல்லிலோதான். ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு ஓய்வுக்கு மலைக்கு வருவார்கள். 2021-லும் 2024-லும் மு.க. ஸ்டாலின் வாக்குப்பதிவு முடிந்த சில நாளில் குடும்பத்தோடு கொடைக்கானல் வந்து தங்கினார். குற்றமாகச் சொல்லவில்லை, கோடை வெயிலில் ஊர் ஊராகச் சுற்றியவருக்கு அந்தக் குளிர் வேண்டியதுதான்.

மலைச் சாவடிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு சாதிவாரியாகப் பிரிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்ற பழைய ஊர்களில் குன்னுவர், மன்னாடியார். அடர்ந்த காட்டோரத்தில் பளியர், புலையர். நகரத்தில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், முஸ்லிம் வியாபாரிகள், மலையாளிகள், பல சாதித் தமிழர்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஓரளவு புரியும். ஆனால் எனக்கு அதைவிடத் தெளிவாகப் பட்டது வேறொன்று. ஓர் ஊரின் விளைச்சல் எந்தச் சந்தைக்கு இறங்குகிறதோ, அந்த ஊரின் அரசியலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்குகிறது.

மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, பூம்பாறை பக்கத்து மலைப்பூண்டு — புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு — பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி மண்டிக்குப் போகிறது. அது தேனி மாவட்டம், வேறு நாடாளுமன்றத் தொகுதி. பாச்சலூர் பக்கத்துச் சரக்கு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பியும் மிளகும் வாழையும் நம் வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் வருகின்றன. பழனிக்கு எதற்காகப் போகிறார்கள்? முருகனைப் பார்க்க. பிறகு, சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க.

வடுகபட்டியில் ஒரு கமிஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, மேல்மலையிலிருந்து மூட்டை இறக்க வந்திருந்த ஒரு விவசாயியிடம் இந்த எந்தக்கட்சிக் கேள்வியைக் கேட்டேன். சாக்கு ஊசியைக் காதோரம் செருகியபடி அவர் சொன்னார்: "மலைக்காரவுகளுக்குக் கச்சி ஏதுண்ணே? ரோடு போட்டவனுக்கு ஒருக்கா போடுவோம். போடாதவனுக்கும் ஒருக்கா போட்டுப் பாப்போம், அடுத்த தடவயாச்சும் போடுவான்ல." கடைக்காரர் சிரித்துக்கொண்டே கல்லாப்பெட்டியை மூடினார். அந்த விவசாயிக்கு விதைப்பூண்டுக்கு முன்பணம் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர். அவருக்குக் கட்சி உண்டு; சுவரில் படமும் உண்டு. மேலே இருப்பவருக்குக் கீழே உள்ள நிலவரம் தெரிவது அந்தத் திண்ணை வழியாகத்தான். யார் வருவார், யார் போவார், எந்த அமைச்சர் சொன்னால் எந்த அதிகாரி கேட்பார் என்பதெல்லாம் பூண்டு விலையோடு சேர்ந்தே மலையேறுகிறது. ஒன்பது முறை ஆளும் அணியோடு நின்ற பழக்கத்துக்கு என்னிடம் உள்ள விளக்கம் இதுதான். வனத்துறை அனுமதியும், பட்டாவும், சாலையும், மாலை நேரத்து ஒற்றைப் பேருந்தும் அரசாங்கத்தின் கையில் இருக்கிற ஊரில், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப்போடுவது கைக்காசைச் செலவழிக்கும் காரியம்.

பட்டிவீரன்பட்டியைச் சொல்லிவிட்டு ஒருவரைச் சொல்லாமல் போனால் இந்த ஊரில் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வளர்த்த குடும்பத்துக்காரர், நீதிக்கட்சிக்காரர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தில் கைவைப்பேன் என்று உத்தரவு போட்டவர். சென்னை பாண்டி பஜார் அவர் பெயர்தான். திராவிட இயக்கம் இந்த மலைச்சரிவுக்கு மேடைப் பேச்சாக வருவதற்கு முன்பே காப்பித் தோட்டத்தின் வழியாக வந்துவிட்டது என்பதை ஏனோ யாரும் எழுதுவதில்லை. தோட்ட முதலாளியின் இயக்கம் தோட்டக் கூலியின் ஓட்டாக மாற எத்தனை காலம் ஆயிற்று என்பது தனிக் கேள்வி. அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

படிவம் 20-க்குத் திரும்புகிறேன். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நகரத்தில் ஒரு சாவடிக்கு ஆயிரத்துக்கு மேல் வாக்காளர் இருப்பார்கள். 1,500 வரை என்பது நெடுங்கால வழக்கம். 2025-ல் தேர்தல் ஆணையம் அதை 1,200 ஆகக் குறைத்தது. பல தெரு, பல சாதி, பல தொழில் கலந்த கூட்டம். யார் எங்கே போட்டார் என்று பிரித்தெடுக்க முடியாது. மலைக்குக்கிராமத்தில் அப்படியில்லை. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக்கூடாது என்ற விதிக்காகச் சில நூறு பேருக்கே ஒரு சாவடி வைக்கிறார்கள். நல்ல விதி, வேண்டிய விதி. ஆனால் எண்ணி முடித்ததும் அந்தச் சில நூறு பேரின் கூட்டு ரகசியம் காகிதத்தில் ஏறிவிடுகிறது. ஊரில் இருநூற்றைம்பது ஓட்டு, இந்தக் கட்சிக்கு நாற்பது என்றால், அந்த நாற்பது எந்தக் குடும்பங்கள் என்று டீக்கடையிலேயே பெயர் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளகவியைப் பாருங்கள். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற அளவையர் கொடைக்கானல் மேட்டை அளக்கக் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். கொடைக்கானல் நகரத்தைவிட மூத்த ஊர். பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏறினாலும் ஒற்றையடிப்பாதை, வட்டக்கானல் பக்கமிருந்து இறங்கினாலும் ஒற்றையடிப்பாதை. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள், தெய்வம் குடியிருக்கும் மண் என்பது நம்பிக்கை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் குதிரை மேல் கட்டி அனுப்புகிறார்கள். அலுவலர்கள் பின்னால் நடக்கிறார்கள். அந்தப் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும்: ஜனநாயகத்தின் கடைசி மைல். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. குதிரை இறங்கிப் போனபின், அந்த ஊரின் சில நூறு ஓட்டு தனி வரியாகப் பட்டியலில் நிற்கும். சாலை கேட்டு அடுத்த முறை மனு கொடுக்கப் போகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் அந்த வரியைப் பார்க்கிற வழக்கம் எந்தக் கட்சிக்கும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவைப்பட்டால் பல சாவடிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதி இருந்தது. பிரிட்டனில் இன்றும் பெட்டிகளைக் கலந்த பிறகே எண்ணுகிறார்கள். இயந்திரம் வந்ததும் நம் நாட்டில் அந்தக் கலப்பு நின்றுபோனது. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியை 2008-ல் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தப் பூத்தில் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளச் சாவடிக் கணக்கு வேண்டும் என்பது கட்சிகளின் வாதம். கட்சிகளுக்கு வேண்டும்தான். வெள்ளகவிக்கு வேண்டாம். ஆக, மலையின் ஓட்டு தொகுதிக் கணக்கில் கரைந்துபோகிறது, சாவடிக் கணக்கில் அம்பலமாகிறது. சின்ன ஊருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். வீட்டில் நாலு ஓட்டு இருந்தால் இரண்டை இங்கும் இரண்டை அங்கும் போட்டுக்கொள்கிற மலை வழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் நகரத்தின் கதை வேறு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,501. நகராட்சியில் 24 வார்டு. சராசரியாக வார்டுக்கு ஆயிரத்தைந்நூறு உயிர், கைக்குழந்தை உட்பட. சில நூறு ஓட்டு வாங்கினால் கவுன்சிலர். 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தலே நடக்காமல் கிடந்து 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. திமுக நகராட்சியைப் பிடித்தது. அங்கே பேசப்படும் அரசியல் எல்லாம் கட்டடம் பற்றியது. 1993 முழுமைத் திட்டத்துக்கு மீறிக் கட்டியது, அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பியது, வீடாக அனுமதி வாங்கி விடுதியாக நடத்துவது. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோது, முதலாளி முதல் அறை துடைக்கும் பெண்வரை எல்லோர் வயிற்றிலும் அடி. 2024 மே மாதம் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தபோதும் அப்படித்தான். மலையைக் காப்பாற்றும் தீர்ப்புகள் நீதிமன்றத்திலிருந்தே வருவதற்கும், எந்த வேட்பாளரும் அவற்றைத் தேர்தல் அறிக்கையில் போடாததற்கும் காரணம் இதுதான். பசுமைக்கு ஓட்டு இல்லை என்று சொல்லமாட்டேன். பசுமைக்கு ஓட்டுப்போடக்கூடியவரின் வீட்டிலும் அனுமதி இல்லாத ஒரு அறை இருக்கிறது.

இந்தக் கட்டட அரசியல் ஒரே ஒரு முறை மாநிலத்தையே ஆட்டியது. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விதியை மீறி ஏழு மாடி எழுப்ப அரசு விலக்கு கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் விலக்கை ரத்து செய்தது. பிறகு அது ஊழல் வழக்காக மாறி, 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய கலவரத்தில் தருமபுரியில் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் கருகி இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இடையில் 2001 மே மாதம் தேர்தல். கொடைக்கானல் கட்டடம் ஒன்றுக்காக முன்னாள் முதல்வர் தண்டிக்கப்பட்ட மறு வருடம், மலையடிவாரத்துப் பழனி அதிமுகவைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டலை நினைத்து ஓட்டுப்போட்டவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பாதரசத் தொழிற்சாலையும் அப்படியே. 1983-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை, 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு இந்துஸ்தான் யூனிலீவரோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். அதற்கு இரண்டு மாதம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல். பதினைந்து வருடப் போராட்டம் தொழிலாளர்கள், நீதிமன்றம், சில தன்னார்வக் குழுக்கள், கடைசியில் ஒரு ராப் பாட்டு என்று நடந்து முடிந்தது. ஒரு தொகுதி முடிவையும் அது மாற்றவில்லை. 591 குடும்பம் என்பது இரண்டரை லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதியில் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும்.

இன்னும் கீழே, எண்ணிக்கையிலேயே வராத மக்கள் இருக்கிறார்கள். பளியர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். சிதறிக் கிடப்பதால் எந்த ஊராட்சியிலும் பெரும்பான்மை இல்லை. மலைப்புலையர்கள் தங்களைப் பழங்குடியில் சேர்க்கக் கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கிறார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதி இங்கே சீகை, யூகலிப்டஸ் தோட்டங்களில் பட்டை உரிக்க வந்தது. கூடலூரில் அதே மக்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றாகக் குடியமர்ந்து, வேட்பாளர்கள் தேடிப்போகிற ஓட்டாக ஆனார்கள். இங்கே தேயிலை இல்லை, லைன் வீடுகள் இல்லை, ஒன்றாகச் சேரவும் வழியில்லை. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது மேய்ச்சலும் சுள்ளியும் போய்விடும் என்று முதலில் பயந்தவர்கள் இவர்கள்தாம். 2016-ல் பழனியின் பழைய வழக்கம் அறுந்ததில் அந்தப் பயத்துக்கும் பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

கடைசியாக, வரப்போகிற ஒரு விஷயம். 2001-ல் செய்த அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நிறுத்திவைத்தது. மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும் என்ற பேச்சுத்தான், அது நியாயமான கவலையும்கூட. ஆனால் கோடுகளும் திரும்ப வரையப்படும். 2002 மறுவரையறைச் சட்டம் நிலத்தின் இயற்கை அமைப்பையும், நிர்வாக எல்லையையும், போக்குவரத்து வசதியையும், மக்களின் வசதியையும் பார்க்கச் சொன்னது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வும் நடத்தச் சொன்னது. அடுத்த சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். வத்தலக்குண்டுக்கும் ஏறக்குறைய அதேதான். பேருந்தும், சரக்கும், மருத்துவமனைக்குப் போகிற ஆம்புலன்சும் பெரும்பாலும் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை வட்டத்தோடு வத்தலக்குண்டு ஒன்றியத்தைச் சேர்த்து, ஆடலூர் பன்றிமலையையும் இணைத்து ஒரு தொகுதி ஆக்கினால் மலை ஓட்டு ஏறக்குறைய பாதியாவது வரும் என்பது என் கணக்கு. மலையின் பெயரையும் வைக்கலாம். இதில் சிக்கல் உண்டு. வத்தலக்குண்டு இப்போது நிலக்கோட்டை தனித்தொகுதியில் இருக்கிறது. அதைப் பிரித்தால் அங்குள்ள தலித் மக்களின் இடம் என்னாகும் என்று முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். பழனிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். பழனியைத் தனி மாவட்டமாக்கக் கேட்கிறவர்கள் கொடைக்கானலை விட்டுவிட்டு மாவட்டம் கேட்பார்களா? பழனியில் கால் ஊன்றிய இரண்டு கழகங்களும்கூட லேசில் விடாது.

அந்தப் பொது அமர்வில் மலைக்காரர்களின் குரல் பதிவாகுமா என்பது அதை எங்கே, எந்த மாதம் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையிலோ மதுரையிலோ வைத்தால் கவுஞ்சியிலிருந்து ஒருவர் வரமாட்டார். பூண்டு எடுக்கும் நேரத்தில் திண்டுக்கல்லில் வைத்தாலும் வரமாட்டார். அறிவிப்பு வந்த அன்றே, அமர்வைக் கொடைக்கானலில் வையுங்கள் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு போட வேண்டும். ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானம் நிறைவேற்றி மனுவோடு இணைக்க வேண்டும். மே தினக் கிராமசபையில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது சீசன். பாதிப் பேர் ஜீப் ஓட்டப் போயிருப்பார்கள். காந்தி ஜெயந்தி கிராமசபைதான் தோது.